ஒரு நொடித் தாமதம்

எங்கள் காரின் பதிவுச் சான்றிதழ் 2025 டிசம்பர் வரை செல்லுபடியாகும் என்று அச்சிடப்பட்டிருந்தது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதலில் 15 ஆண்டுகளுக்குப் பதிவு வழங்குகிறார்கள். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து, ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். எங்கள் கார் முதல் நீட்டிப்பை 2020-இல் பெற்றது. இரண்டாவது நீட்டிப்புக்கு நிற்கும்போது அதற்கு 20 வயது நிறையும். 20 வயதைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தி 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கட்டிவிடக் கூடிய தொகைதான். ஆனால் அதைக் கட்டப்போவது நாங்களா, வேறொருவரா என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல மாதங்களாகத் தீராமல் கிடந்தது.

நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் கார் ஓட்டுபவர்கள். மும்பையின் கிழக்குப் புறநகரில் நாங்கள் 22 ஆண்டுகள் வசித்த குடியிருப்பு இடித்துக் கட்டப்படவிருக்கிறது. புதிய வீடு கைக்கு வரும்வரை வாடகை வீடு. அதற்கு வண்டி நிறுத்த ஓரிடமே உண்டு. அந்த ஓரிடம், காய்கறி வாங்கவும் மருத்துவமனைக்குச் செல்லவும் பயன்படும் சிறிய காருக்கே உரியது என்பதில் எங்களுக்குள் விவாதம் இல்லை. ஆக, விலகவேண்டியது 2005-ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.

இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இரண்டு கதவு கொண்ட கார்களின் அன்பர்கள் ஒப்பமாட்டார்கள். நான்கு கதவுகள், ஐவர் அமரும் இடம், பின்புறம் 528 லிட்டர் பொருள்கள் கொள்ளும் பெட்டி எனப் பார்வைக்கு இது ஒரு குடும்ப வண்டிதான். ஆயினும் இதே ஆக்டேவியாவின் பந்தய வடிவம் 1999 முதல் உலக ராலிப் போட்டிகளில் ஓடியது. 2001-இல் கென்யாவின் சஃபாரி ராலியில் மூன்றாமிடம் பெற்றது. ஆர்.எஸ். என்ற இரண்டெழுத்துக்கு 'ராலி ஸ்போர்ட்' என்பதே விரிவு. இந்தியாவுக்கு வந்த ஆர்.எஸ். காரில் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் இருந்தது, 150 குதிரைத்திறன். ஐரோப்பாவில் விற்றதற்கு 180. இந்த வேறுபாட்டைப் பற்றி அந்நாளில் மனம் வருந்தியவர்கள் உண்டு. எங்களுக்கு 150 போதும். மும்பைச் சாலைகளில் அதில் பாதிகூடப் பெரும்பாலும் தேவைப்பட்டதில்லை.

இன்று டர்போ என்ற சொல்லில் புதுமை இல்லை. ஒரு லிட்டர் இன்ஜின் கொண்ட சிறிய கார்களின் பின்புறத்திலும் அந்தச் சொல் ஒட்டப்பட்டிருக்கிறது. 2005-இல் நிலைமை வேறு. அப்போது நம் நாட்டில் டர்போ என்றால் பெரும்பாலும் டீசல் வண்டி. பெட்ரோல் இன்ஜினோடு டர்போ என்பது அரிய சேர்க்கை. பழைய டர்போவுக்கும் இன்றைய டர்போவுக்கும் ஓட்டும்போது தெரியும் ஒரு வேறுபாடு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அது இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

இன்ஜினில் பெட்ரோல் எரிந்து வெளியேறும் புகையில் வெப்பமும் வேகமும் எஞ்சியிருக்கின்றன. சாதாரணக் காரில் அவை பின்குழாய் வழியே வீணாகின்றன. டர்போ அந்தப் புகையை ஒரு சிறு சக்கரத்தின் மீது பாயச் செய்கிறது. சக்கரம் சுழல, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும்; சிறிய இன்ஜின் பெரிய இன்ஜினின் வேலையைச் செய்யும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய அந்த அச்சை மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே தாங்கி நிற்கிறது. இந்த எண்ணெயைப் பற்றி எங்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு; பின்னால் வருகிறோம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் இத்தனையும் நடந்துவிடாது. புகை பெருக வேண்டும், சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும், காற்று அழுந்த வேண்டும். மிதித்த கணத்துக்கும் வண்டி பாயும் கணத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் 'டர்போ லேக்' என்கிறார்கள். பொறியாளர்களுக்கு இது குறை. சிறிய சக்கரங்கள், மின்னணுக் கட்டுப்பாடு, பலபடித் தானியங்கிக் கியர் ஆகியவற்றைக் கொண்டு இன்று அந்த இடைவெளியை ஏறக்குறைய மறைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரியே. நெரிசலில் ஓட்டுபவருக்கு அதுவே வசதி. ஆனால் எங்களைக் கேட்டால், பழைய டர்போ காரின் இன்பம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்போம்.

புகையைக் கொண்டு காற்றை அழுத்தலாம் என்ற எண்ணத்துக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை பெற்றார். கப்பல், விமானம், லாரி எனச் சுற்றி அது விற்பனைக் காருக்கு வர 1962 ஆயிற்று. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் ஆகிய இரண்டும் அவ்வாண்டு வந்தன. ஜெட்ஃபயரில் இன்ஜின் அதிர்வெடிக்காமல் இருக்க, வாலைவடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பல உரிமையாளர்கள் மறந்தார்கள். பின்னர் டர்போவையே கழற்றி வைத்தார்கள். 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. முன்னால் செல்பவர் தம் கண்ணாடியில் பார்த்து வழிவிடும்படி, 'டர்போ' என்ற சொல்லை முன்புறத்தில் இடவலம் மாற்றி எழுதினார்கள். அதே ஆண்டு உலக எண்ணெய் நெருக்கடி வந்துசேர, 1,672 கார்களோடு உற்பத்தி முடிந்தது. 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவோ அச்சம் கலந்த புகழைப் பெற்றது. மூன்று லிட்டர், 260 குதிரைத்திறன், இன்ஜின் பின்புறத்தில். வளைவின் நடுவே தாமதமாக வந்து சேரும் ஆற்றல் ஓட்டுநரைத் திகைக்கச் செய்யும். திகைத்துக் காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே சுழன்றுவிடும்.

ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1977-இல் காட்சிக்கு வைத்த 99 டர்போதான் இதைக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. உச்ச வேகத்துக்காக அன்றி, அன்றாட ஓட்டத்தின் நடுத்தர வேகத்தில் உதவும்படி சிறிய டர்போவைப் பொருத்தினார்கள். அழுத்தம் மிகுந்தால் புகையை வேறு வழியில் திருப்பிவிட ஒரு கதவும் வைத்தார்கள். எங்கள் ஆக்டேவியா இந்த வழியில் வந்தது. 1,781 கன சென்டிமீட்டர் இன்ஜின். நான்கு சிலிண்டர்களுக்கு மொத்தம் 20 வால்வுகள். அதன் முழு இழுவிசை 1,750 சுற்றிலேயே கிடைத்து 4,600 வரை தளராமல் நிற்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. உண்மைச் சாலையில், மேட்டில், ஐவரும் பெட்டிகளுமாகச் செல்லும்போது 2,000 சுற்றுக்குக் கீழே ஒரு சோர்வு தெரியும். மிதிக்கிறோம், ஒன்றும் நடப்பதில்லை. மறுநொடி, முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவதுபோல் ஒரு விசை. பதினைந்து ஆண்டுகளில் அது ஒருமுறைகூட எங்களுக்குச் சலித்ததில்லை.

காரை நாங்கள் புதிதாக வாங்கவில்லை. 2010-இல், ஐந்து வயது நெருங்கும்போது, ஒரு மருத்துவரிடமிருந்து 5,25,000 ரூபாய்க்கு வாங்கினோம். நான்கு லட்சம் வங்கிக் கடன், மூன்றாண்டுத் தவணை. பழைய காருக்கான கடனில் வட்டி சற்றுக் கூடுதல், காலமும் குறைவு என்பதை அப்போதுதான் அறிந்தோம். 2013-இல் கடன் முடிந்ததும் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சமர்ப்பித்து, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயரை நீக்கச் செய்வது. நாங்களும் எட்டு மாதம் மறந்திருந்தோம். விற்கும் நாளில்தான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது.

இனி எண்ணெயின் கதை. 2016 மே மாதம் புணேயிலிருந்து விரைவுச்சாலையில் திரும்பினோம். நெடுந்தூரம் வேகமாக வந்த சூட்டோடு, உணவகத்தின் முன் நிறுத்திய அக்கணமே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தோம். அது எங்கள் வழக்கமே. சுழன்றுகொண்டிருந்த டர்போவுக்கு வந்த எண்ணெய் நின்றுவிட, தங்கிய எண்ணெய் வெப்பத்தில் கருகிப் படியும் என்பதை நாங்கள் படித்திருந்தோம், பொருட்படுத்தவில்லை. எண்ணெய் மாற்றும் தேதியையும் அவ்வாண்டு மூன்று மாதம் தள்ளிப் போட்டிருந்தோம். மீண்டும் புறப்பட்டபோது பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தது. பணிமனையில் மெக்கானிக் டர்போவைக் கழற்றி, அதன் சிறு சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடக்கூடாத அச்சு ஆடியது. திட்டவில்லை, "எத்தனை நிமிடம் மிச்சம் பிடித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

செலவு 70,000 ரூபாய். முழுக் காப்பீடு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தோம். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கே வழக்கமான காப்பீடு பொருந்தும்; தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் அடங்கா. பத்திரத்தில் அது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது, நாங்கள் படிக்கவில்லை. பழைய கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஐந்து ஆண்டு வரை காரின் காப்பீட்டு மதிப்பு ஓர் அட்டவணைப்படி குறைகிறது. ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். அதன்பின் அது நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஆண்டுதோறும் அவர்கள் எழுதிய எண்ணுக்குக் கையொப்பமிட்டோம். கடைசி ஆண்டில் அது 1,10,000 ரூபாய். அதே காரை அதே மாதம் 2,40,000 ரூபாய்க்குக் கேட்டு ஒருவர் வந்தபோதுதான், இடைப்பட்ட ஆண்டுகளில் கார் திருடு போயிருந்தால் எவ்வளவு இழந்திருப்போம் என்பது உறைத்தது.

அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு விதி உண்டாயிற்று. எங்கே நிறுத்தினாலும் ஒரு நிமிடம் இன்ஜினை வெறுமனே ஓடவிட்டு அணைப்பது. எண்ணெயை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவலானதும், அதற்கென வடிவமைக்கப்படாத காலத்து வண்டி என்பதால், எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினோம். இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்தோம். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த எங்கள் மகன், "இந்தப் பணத்துக்கு இன்னொரு கார் வாங்கியிருக்கலாம்" என்றான். கூட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது ஏறக்குறைய உண்மை.

வாங்க முன்வந்தவர் சத்ரபதி சம்பாஜிநகரில் வசிக்கும் 31 வயதுப் பொறியாளர். ஔரங்காபாத் என்று பல்லாண்டுகள் அழைக்கப்பட்ட அந்நகரின் கிழக்கே ஷேந்த்ரா தொழிற்பேட்டை உள்ளது. ஆக்டேவியா கார்கள் 2001 முதல் அங்கேதான் பூட்டப்பட்டன. பள்ளிக்குச் சென்ற நாள்களில் ஜால்னா சாலையில் அந்தக் கார்களை ஏற்றிச்செல்லும் நீண்ட லாரிகளை எண்ணியபடி நிற்பாராம். இத்தனை வயதான காருக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது என்பதால், மூன்றாண்டுகள் தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்திருந்தார். காரைப் பார்க்க மும்பைக்கு வருகிறேன் என்றார். நாங்களே கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டோம். பிடித்தால் எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் ரயிலில் திரும்புவோம். பிடிக்காவிட்டால் ஓட்டிக்கொண்டு திரும்புவோம். எது நடக்க வேண்டும் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பரின் கடைசி வாரம், விடியுமுன் புறப்பட்டோம். நாசிக் வழியாகச் சென்றால் விரைவாகச் சேரலாம். நாங்கள் கல்யாண், முர்பாட் தாண்டி மால்ஷேஜ் கணவாய் வழியைத் தேர்ந்தோம்; ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கூடையில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும். முர்பாட் வரை நெரிசல். இரண்டாம் கியரும் கிளட்சுமாகக் கழிந்தது. இந்தக் காரின் கிளட்ச் கனமானது. நகர நெரிசலில் இடதுகால் வலிக்கும், ஏ.சி. போட்டால் சிற்றோட்டத்தில் இன்ஜின் உறுமும். பின்னிருக்கையில் முதியவர்கள் அமர்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கும். விருப்பம் கொண்டவர்கள் சொல்லாமல் விடும் செய்திகள் இவை.

டோகாவடே கடந்ததும் சஹ்யாத்ரி மலை சுவர்போல் எதிரே எழுந்தது. மழை ஓயும் காலம். மலைமுகம் முழுவதும் வெள்ளைக் கோடுகளாய் அருவிகள். கணவாய் ஏறத் தொடங்கும் இடத்தில் ஓட்டுபவர் மாறினோம். மலையேற்றத்தில் எங்களில் சிறப்பாக ஓட்டுபவர் மனைவி என்பது குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி.

மலைச்சாலையில் பழைய டர்போவை ஓட்டுவது முன்யோசனை கேட்கும் வேலை. வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும். வளைவு திறக்கத் தொடங்குமுன்பே, சாலை இன்னும் முழுதும் கண்ணுக்குப் படாத நிலையில், பாதத்தை மெல்ல அழுத்தத் தொடங்க வேண்டும். இப்போது கேட்பது பின்னர்தான் வரும். சரியாகக் கணித்தால், சக்கரங்கள் நேராகும் அதே கணத்தில் விசை வந்து சேரும். வண்டி வளைவிலிருந்து ஒரே இழுப்பில் மேட்டில் ஏறும். முந்திவிட்டால், முன்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கி ஸ்டீரிங் கையில் முறுக்கும். பிந்திவிட்டால், இன்ஜின் முனகிக்கொண்டே ஏறும். பின்னால் வரும் ஜீப்புக்காரர் ஒலிப்பான் அடிப்பார். புதிய காரில் இந்தக் கணக்கெல்லாம் கணினி போடுகிறது. இதில் ஓட்டுபவரே போட வேண்டும். அன்றைக்கு ஏழெட்டு வளைவுகளில் கணக்கு மிகச் சரியாக அமைந்தது. அமைந்த ஒவ்வொரு முறையும் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை; ஓட்டியவர் சிரித்தார்.

இதற்கு வேகம் மிகுதியாக வேண்டியதில்லை என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். மூன்றாம் கியரில் 2,000 சுற்று என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு; 3,000 சுற்று என்றால் 70 அளவு. நாங்கள் சொல்லும் சுகமெல்லாம் இந்த எல்லைக்குள் கிடைப்பதே. இருநூறு குதிரைத்திறனுக்கு மேலுள்ள புதிய கார்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அவற்றில் ஏதேனும் உணரத் தொடங்குவதற்குள் சட்டத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறோம்.

கணவாயின் நடுவே மேகம் சாலைக்குள் இறங்கியிருந்தது. ஓரிடத்தில் அருவி நேராகச் சாலையின் மேலேயே விழுகிறது. கண்ணாடி துடைப்பான் முழுவேகத்தில் இயங்க, கூரைமேல் நீரின் பேரோசையோடு அதன் அடியில் நுழைந்து வெளியே வந்தோம். மேலே ஏறியதும் தக்காணப் பீடபூமி திறந்தது. பிம்பள்காவ் ஜோகா நீர்த்தேக்கம் ஈயத் தகடுபோல் கிடந்தது. அங்கே நிறுத்தினோம். ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தோம். சூடான உலோகம் குளிர்ந்து டிக் டிக் என்று ஒலிப்பதைக் கேட்டபடி எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். வேண்டுமானால் இங்கிருந்தே திரும்பலாம் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தது. யார் தொடங்கினோம் என்பதை எழுத வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆளே பாட்டாவுக்குப் பிறகு நிலம் தட்டையாகி, சாலை நேராகியது. இங்கே காரின் இன்னொரு குணம் தெரிந்தது. ஐந்தாம் கியரில் அமைதியாக ஓடும். முன்னே வெங்காய லாரி தென்பட்டு, எதிரே சாலை காலியாக இருந்தால், கியர் மாற்றாமலே பாதத்தைச் சற்றே அழுத்தினால் போதும். அந்த ஒரு நொடி; பின்னர் தள்ளல்; லாரி பின்னே போய்விடும். அகில்யாநகரைச் சுற்றிக்கொண்டு நேவாசா நோக்கிச் சென்றோம். அவ்வழியில் சனி சிங்கணாப்பூருக்குப் பிரியும் சாலை வருகிறது. வீடுகளுக்குக் கதவும் பூட்டும் வைப்பதில்லை என்ற வழக்கத்தால் பேர் பெற்ற ஊர். 2011-இல் ஒரு பொதுத்துறை வங்கி அங்கே பூட்டில்லாத வாயிலுடன் கிளை திறந்தபோது நாடெங்கும் செய்தியானது. எங்கள் காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டு ஆறு மாதமாகச் சரியாக விழுவதில்லை. அந்த ஊரில் விற்றால் குறை தெரியாது என்று சிரித்துக்கொண்டோம். (பொறியாளரிடம் முதல் தொலைபேசி உரையாடலிலேயே இதைச் சொல்லியாயிற்று.)

பிரவரா வந்து கலக்கும் இடத்தருகே கோதாவரியைக் கடந்தபோது ஆறு கரைநிறைய ஓடியது. மூன்று மணியளவில் அவர் வீட்டு வாசலில் இருந்தோம்.

"வாங்க காகா, வாங்க காகூ" என்று மராத்தி முறையில் அழைத்தார். தேநீர் முடிந்ததும் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். 2016-ஆம் ஆண்டுப் பக்கத்தில் விரல் நின்றது. நடந்ததைச் சொன்னோம், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு காரை ஓட்ட அமர்ந்தார். நாங்கள் இருவரும் பயணிகளாக ஏறினோம். இந்தக் காரின் பின்னிருக்கையில் எங்களில் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல்முறை.

ஜால்னா சாலையில் ஒரு மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் மிதித்தார். வண்டி தயங்கியது. அவர் முகம் சுருங்கியது. ஏதோ பழுது என்று எண்ணிக் காலை எடுத்துவிட்டார். "எடுக்காதீர்கள், காத்திருங்கள்" என்றோம் இருவரும் ஒரே குரலில். மறுபடி மிதித்தார். ஒன்று என எண்ணும் நேரம். பின் அந்தத் தள்ளல் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். தொழிற்பேட்டை வரை சென்றோம். லாரிகளை எண்ணியபடி நின்ற இடத்தைக் காட்டினார். அங்கே இப்போது ஒரு பெட்ரோல் நிலையம்.

வீடு திரும்பியதும் மற்றவை விரைவாக நடந்தன. பாதித் தொகையை ரொக்கமாகத் தரலாமா என்று அவர் தந்தை கேட்டார். வேண்டாம் என்றோம். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பாதியாகப் பிரித்தாலும், வரவு எங்கிருந்து என்பதற்குக் காகிதம் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஆர்.டி.ஜி.எஸ். மூலம் இரண்டு லட்சம் முதல் எந்நேரமும் அனுப்பலாம். 2,40,000 ரூபாய் சில நிமிடங்களில் எங்கள் கணக்கில் விழுந்தது. படிவம் 29-லும் 30-லும் கையொப்பமிட்டோம். விற்றதை 14 நாள்களுக்குள் விற்றவர் தெரிவித்தாக வேண்டும்; காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கும் 14 நாள். இதைத் தள்ளிப்போட்டால், நாளை அந்தக் கார் எங்கேனும் மோதினால் அழைப்பாணை பழைய உரிமையாளரின் வீட்டுக்கு வரும். காப்பீட்டு மதிப்பைப் பேசி உயர்த்திக்கொள்ளும்படியும் சொன்னோம். டிசம்பரில் கட்டவேண்டிய 10,000 ரூபாயைப் பற்றி அவரே பேசினார். அதற்கும் தனியே எடுத்து வைத்திருந்தார்.

இரவு தேவகிரி விரைவு வண்டியில் எங்களுக்கு இருக்கை உறுதியாகியிருந்தது. ரயில் நிலையத்துக்கு அவரே அதே காரில் கொண்டுவந்து விட்டார். கூடையையும் கைப்பையையும் இறக்கினோம். அவர் சாவியின் மேல் கை வைத்தார், திருப்பவில்லை. இன்ஜின் தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிடம்தானே, காகூ?" என்று கேட்டார். ஆம் என்றோம். வாசலில் ஆட்டோக்கள் வந்து வந்து போயின. யாரோ நடைமேடை எண்ணைக் கேட்டுக்கொண்டு ஓடினார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி மூவரும் பேசாமல் நின்றோம். பின்னர் அவர் இன்ஜினை அணைத்து, எங்களோடு நடைமேடை வரை கூடையைச் சுமந்து வந்தார்.